குடலைத் தூக்கிப் போடாதீங்க

மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்துச் செடிக்குத் தெளிக்கும் மீன் அமிலம் போடுவதற்காக முதன்முதலில் கழிவு கேட்டுப் போனபோது மீன்காரக்கா தலை, வால், செதிலை மட்டும் பையில் போட்டார். "குடல் வேணாம் தம்பி, நாறிடும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒன்றரை மாதம் கழித்து வாளியைத் திறந்தால் சதை முக்கால்வாசி கரையாமல் அப்படியே கிடந்தது.

வேலையே குடலில்தான் இருக்கிறது. மீன் தான் தின்றதைச் செரிக்க வைத்திருக்கும் நொதிகள், அது செத்த பிறகும் ஓய்வதில்லை. அதன் சதையையே அறுக்கத் தொடங்குகின்றன. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுபடும்போது ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தது இதுதான். தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மீன் சதையில் முக்கால் பங்குக்குக் கிட்ட நீர்தான், அதை வெல்லம் வெளியே இழுத்துவிடும்.

வெல்லத்தில் மட்டும் கை இறுக்கக் கூடாது. கிலோவுக்குக் கிலோ. ஒருமுறை ஐந்து கிலோ கழிவுக்கு இரண்டு கிலோதான் போட்டேன். நாலாம் நாளே புழு நெளிந்தது, நாற்றம் தெருமுனை வரை போனது, பக்கத்து வீட்டு அத்தை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனிப்பு அடர்த்தியாக இருந்தால்தான் அழுக வைக்கும் கிருமிகள் அடங்கும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று புளிப்பேற்றும். அந்தப் புளிப்புதான் காவல். பாகு கசிந்து விற்காமல் கிடக்கும் வெல்லம் மலிவாகக் கிடைக்கும், அதுவே போதும்.

இப்போது குடலோடு சேர்த்துத்தான் வாங்குகிறேன். பிளாஸ்டிக் வாளி, நிழல், இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விடுவது, அவ்வளவுதான். இருபத்தொரு நாளில் கனிந்த பழ வாசனை வரும். பழைய வேட்டியில் வடிகட்டி, பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து கத்தரிக்கு மாலையில் தெளிக்கிறேன். ஒரு வாரத்தில் இலை கரும்பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்த்து ஆசைப்பட்டு அடிக்கடி அடித்தால், தழை கொழித்து அசுவினிப் பூச்சி வந்து உட்காரும். பூ எடுக்கும் நேரத்தில் நான் நிறுத்திவிடுவேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கழிவும் குறைந்துவிடும். அதனால் மார்ச்சிலேயே இரண்டு வாளி போட்டுவிடுகிறேன். துணியில் தங்கும் முள்ளும் எலும்பும் எலுமிச்சை மரத்தடிக்குப் போகிறது. ஒரு முழ ஆழத்தில் புதைக்கணும், இல்லையென்றால் விடிவதற்குள் நாய் தோண்டிவிடும்.