அரைத் தானியங்கித் துப்பாக்கிக்குக் கையால் நிரப்பும் தோட்டா

அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் 1907-இல் முதன்முதலாக இடம்பெயர்ந்து வந்த, ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி சுடுதளத்தில், அரைத் தானியங்கியான ஏஆர்-15 வகைத் துப்பாக்கியோடு 600 கஜத் தொலைவில் சுடுவோர், கூட்டில் வெடிமருந்தும் குண்டும் சேர்த்துத் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். 80 கிரெய்ன் (சுமார் 5 கிராம்) எடையுள்ள நீண்ட குண்டைப் பொருத்திய தோட்டா, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியான மேகசினுக்குள் அடங்காது என்பதால், அதை ஒவ்வொன்றாகக் கையால் இடுகிறார்கள்.

சுட்டபின் மீண்டும் நிரப்பப்படும் பித்தளைக் கூடே என் முதல் அக்கறை. தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்குக் கூட்டின் கழுத்தை மட்டும் சீராக்கினால் போதும் என்போர் உண்டு; அரைத் தானியங்கியிலோ, வாயு விசையால் வேகமாக இழுத்தெறியப்படும் கூடு நீண்டுவிடுவதால், அதை முழுவதுமாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வாய்ப்பகுதியையும் வெட்டிச் சரிசெய்தாக வேண்டும். கூட்டின் அடியில் பதித்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் சிறிதும் துருத்தி நிற்கக்கூடாது. பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் தளர்வாக இருப்பதால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடித்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு கூட்டையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே வெடிமருந்திட வேண்டும்.