24 கிலோமீட்டர் பாதைக்கு எங்கெங்கே வாசல்?

முந்தின இரவு பெய்த மழையில் ஊறிய சரளை மண்ணில் மிதிவண்டிச் சக்கரம் நறநறவென்று உருளுவதைக் கேட்டபடி, சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரின் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து, ரயில் நின்றபின் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் திறந்துவிடப்பட்ட பழைய ரயில் தடமான ‘ரயில் காரிடார்’ (Rail Corridor) பாதையில் வடக்கு நோக்கிப் போவது சில ஆண்டுகளாக என் வழக்கமாகிவிட்டது. இரும்புப் பாலத்தைக் கடந்த சிறிது நேரத்தில் வாகன இரைச்சல் அடங்கி, இரு பக்கமும் மரங்கள் கவிந்துகொள்ளும். ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் எங்கும் இல்லை. நீராவி எஞ்சின்கள் இழுத்துச் செல்வதற்காகச் சமன்செய்து போட்ட தடம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களும் சின்னச் சக்கரச் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் இன்று அதே தடத்தில் சிரமமின்றிப் போக முடிகிறது.

தெற்கே தஞ்சோங் பகார் வரை செல்லும் இந்தத் தடத்தின் தென்பகுதி 1932இல் பயன்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர் மண்ணில் இருந்தாலும் நிலத்தின் உரிமை மலாயா ரயில்வேயிடமே இருந்தது. அதனால் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்குக்கூட அது பக்கத்து நாடான மலேசியாவுக்குச் சொந்தமான இடந்தான். 2010இல் இரு நாட்டுப் பிரதமர்களும் எட்டிய உடன்பாட்டின்படி, 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் ஓட்டிச்சென்ற கடைசி ரயிலோடு அந்தக் கதை முடிந்தது. மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. தண்டவாளங்களைப் பெயர்ப்பதற்கு முன், மக்கள் அதில் நடந்து பார்க்கச் சில நாள்கள் அனுமதி கொடுத்தார்கள். ஊரே திரண்டு போய்க் கட்டைகளின்மேல் கால் வைத்து நடந்தது.

அந்த நிலத்தைத் துண்டு துண்டாக்கி வீடமைப்புக்கும் சாலைக்கும் கொடுத்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இடநெருக்கடி மிகுந்த தீவில் அதுதான் எதிர்பார்க்கக்கூடியது. ரயில் நிற்பதற்கு முன்பே, 2010இல், அந்த முழு நீளத்தையும் அறுபடாத பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்ற முன்மொழிவைச் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அரசிடம் வைத்தது. அந்த ‘அறுபடாத’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து கிலோமீட்டர்ப் பூங்காக்கள் நான்கு இருந்தால் நான்கு பூங்காக்கள் கிடைக்கும், அவ்வளவுதான். 24 கிலோமீட்டர் ஒரே கோடாகக் கிடந்தால் ஒருவர் அதில் வேலைக்குப் போகலாம், உடும்பும் காட்டுப்பறவையும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகலாம். நகரச் சீரமைப்பு ஆணையம் 2015இல் வடிவமைப்புத் திட்டங்களைக் கோரியபோதும் தொடர்ச்சி கெடக்கூடாது என்பது அடிப்படையாக இருந்தது. ஆனாலும் தடம் எத்தனை மெலிந்தது என்பதை 2021இல் கண்டோம்: கிராஞ்சியில் பாதையை ஒட்டிய காட்டில், சுற்றுச்சூழல் ஆய்வு முடிவதற்குள்ளேயே சில ஹெக்டேர் மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன.

நீளம் காக்கப்பட்டது, உள்ளே நுழைவது எப்படி என்பதுதான் எனக்கு உள்ள வழக்கு. ரயில் தடம் சில இடங்களில் சாலைக்கு மேலேயும் சில இடங்களில் கீழேயும் ஓடுவதால், பல வாசல்கள் படிக்கட்டுகளாகவே அமைந்துவிடுகின்றன. ஓரிடத்தில் மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் ஏறியபோது, தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி கீழே நின்று மேலே பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அடுத்த சரிவுப்பாதை எங்கே இருக்கிறது என்று சொல்லும் பலகை ஒன்று அங்கே இருந்திருந்தால்கூட அவர் திரும்பிப் போயிருக்க மாட்டார். புதிய இணைப்புகளுக்கான வரைபடம் எதைப் பார்த்தாலும், பாதையின் கோட்டைவிட அதன் ஓரத்தில் உள்ள வாசல் புள்ளிகளைத்தான் இப்போது முதலில் எண்ணுகிறேன்.

நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் உள்ள உரசலையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் மிதிவண்டிக்கு நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பூங்கா இணைப்புப் பாதைகளில் 25 கிலோமீட்டர் என்று வேக வரம்பு இருக்கிறது. 2025 ஜூலை முதல், மிதிவண்டித் தடத்தை ஒட்டி நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய பாதைகளில் மிதிவண்டி ஓட்டக்கூடாது என்ற விதியும் வந்தது. பழைய ரயில் தடத்தின் மண்பகுதிகளில் அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க வழியில்லை. முழுவதும் தார் போட்டு இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று வேகமாக ஓட்டும் நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழைக்குப் பின் சேறாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சேறும் சரளையும்தான் வேகத்தைத் தாமாகவே குறைக்கின்றன. அவசரமாகப் போக வேண்டியவருக்குச் சாலையோரத்தில் தனித்தடம் கேட்பதே முறை.

தெற்குப் பகுதியில் நான் வழக்கமாக இறங்குவது தங்லின் ஹால்ட் பக்கம். முன்பு ரயில் நின்று சென்ற சிறிய நிறுத்தமே அந்தப் பேட்டைக்குப் பெயராக நிலைத்தது. அருகே காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலும் ரயிலோடு பிறந்ததுதான்: குவீன்ஸ்வே பகுதியில் குடியிருந்த இந்திய ரயில்வே ஊழியர்கள் 1932இல் எழுப்பிய சிறு குடிலிலிருந்து வளர்ந்து, 1998இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. தடம் போட்டவர்களும் காத்தவர்களும் வழிபட்ட சாமி அது. பேட்டையின் பழைய அடுக்குமாடிகள் மறுமேம்பாட்டுக்காகக் காலியாகி, புதிய வீடுகள் எழும்பவிருக்கின்றன. அவற்றின் தரைத்தளத்திலிருந்து தடத்துக்குப் படியில்லாமல் ஒரு வாசல் வேண்டும் என்று, கருத்துக் கேட்கும் படிவம் வரும்போதெல்லாம் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரமும் ஒன்று அனுப்பினேன்.