அஞ்சு ரூவா பாக்கி

97ல நான் ஏழாப்பு. எங்க பக்கம் அப்போ ஓடுன பஸ் எல்லாத்துலயும் கட்டபொம்மன் பேருதான் இருக்கும், விருதுநகர்ல புதுசா ஆரம்பிச்ச போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரு வச்சாங்க, அவரு கட்டபொம்மனோட தளபதி. ராஜா பேரு போட்ட பஸ்ல இத்தனை வருசம் ஏறுன ஆளுக, தளபதி பேரு போட்ட பஸ்ல ஏற மாட்டோம்னுட்டாங்க. அவரு தேவேந்திரர் சமூகம், காரணம் அவ்வளவுதான். ஏற மாட்டோம்னு சொன்ன பக்கத்துலதான் எங்க தெருவும் இருந்துச்சு, கல்லெறிஞ்சதுல எங்க ஆளுகளும் உண்டுன்னு ஒளிக்காம சொல்லிருதேன்.

தென்மாவட்டம் பூரா வெட்டு குத்து, ஊரடங்கு. கடைசில அரசாங்கம் எந்தத் தலைவர் பேரும் வேணாம்னு பஸ்லயும் மாவட்டத்துலயும் எல்லா பேரையும் எடுத்துருச்சு. அதுல சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆச்சு, காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆச்சு, பாவம் வ.உ.சி. என்ன பண்ணாரு.

அப்பா மெயின்ரோட்டுல சைக்கிள் கடை வச்சிருந்தாங்க. வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயில். எங்க தெரு, தேவேந்திரர் தெரு ரெண்டுக்கும் ஒரே பற்று நோட்டுதான். கலவரம் வந்ததும் அந்தத் தெருவுல இருந்து ஒரு ஆள் வரல, அவங்களுக்கு மூணு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடை, டயர் பஞ்சரானா அங்கதான் உருட்டிட்டுப் போவாங்க, எங்க கடையத் தாண்டித்தான் போகணும், போகும்போது இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாங்க. அப்பாவும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா எங்க தெருக்காரங்க சும்மா விட்டிருக்கவும் மாட்டாங்க.

நாலஞ்சு மாசம் கழிச்சு அந்தத் தெருவுல இருந்து ஒரு பொடியன் சட்டைப்பைல காசோட வந்து நின்னான், மாமா குடுக்கச் சொன்னாருன்னு. பற்று நோட்டுல நாப்பத்திரெண்டு ரூவா பாக்கி இருந்துச்சு, அவன் குடுத்தது முப்பத்தேழு. அம்மா எண்ணிப் பாத்துட்டு, கணக்க முடிச்சு விட்டாச்சு, அஞ்சு ரூவாய வேற ஏமாத்திட்டாம்லான்னு கத்துனா. அப்பா சிரிச்சாங்க. "முடிக்கணும்னா முழுசாக் குடுத்துருப்பாம்லா, அஞ்சு ரூவாய நிறுத்திருக்கான், திரும்ப வாரேங்கான்." ஒரு மாசத்துல அந்த ஆளே வந்தாரு, ரெண்டு பேரும் கலவரத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல, செயின் லூசா இருக்குன்னு மட்டும் சொன்னாரு. அவருக்குப் பின்னால ஒவ்வொருத்தரா வந்தாங்க.

இதக் கேட்டுட்டு எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க. அவரு கடைசி வரைக்கும் எங்க வீட்டுப் படி ஏறுனதில்ல, நாங்க ஏறச் சொன்னதும் இல்ல.

பெரிய ஏற்பாடெல்லாம் நடக்காமலும் இல்ல. அடுத்த வருசமே, 1998ல, மேலக்கோட்டைல முதல் சமத்துவபுரம் திறந்தாங்க. 100 வீடு, அதுல 40 தலித்துகளுக்கு, மத்தது மத்தவங்களுக்குன்னு கலந்து கலந்து குடுத்தது. நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்து பக்கத்துல வீடு இருந்தா மட்டும் ஆச்சா, வெளியூர் போகும்போது சாவியக் குடுத்துட்டுப் போவியா, அவசரத்துக்கு ஆயிரம் ரூவா கேப்பியா? அத எந்த அரசாங்கத்தாலயும் ஒதுக்கீடு பண்ண முடியாதுல்லா.

2023ல நாங்குநேரில பள்ளிக்கூடப் பயலுக கூடப் படிக்கிற பையன வீடு புகுந்து வெட்டுனாங்க, தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமைல போட்ட குழு, கைல கலர் கயிறு கட்டத் தடை போடணும்னு 2024ல அறிக்கை குடுத்துச்சு. வேணும்தான். ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு கலர்னு கட்டிட்டு அலையறத எங்க ஊர்லயே பாத்தவன் நான்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அக்கா மகன் கைல கயிறு இல்ல. சந்தோசமா இருந்துச்சு. லீவு போட்டா யாருகிட்டடா நோட்டு வாங்கி எழுதுவன்னு சும்மா கேட்டேன். நோட்டெல்லாம் யாரு மாமா வாங்குவா, வாட்சப் குரூப்புல போட்டுருவாங்கன்னான்.

"மொத்த கிளாசுக்கும் ஒரே குரூப்பா?"

"ரெண்டு இருக்கு மாமா"ன்னுட்டு போனப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.