பழைய டைவ் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடலாமா?

என் வலது மணிக்கட்டில் இன்னமும் 1990-களில் செய்த டைவ் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறேன். ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து, உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி அது. புதியது இடது கையில். கூட வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "இதை இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க? நம்பி இறங்கலாமா?" இறங்கலாம் என்றுதான் சொல்வேன். எதைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுதிவிடுகிறேன். பழைய கருவியை அலமாரியில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பழசு என்றதும் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது உள்ளே ஓடும் கணக்கைத்தான். அந்தக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. உடம்பைப் பல திசுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நைட்ரஜனை ஒவ்வொரு வேகத்தில் ஏற்றி இறக்குகிறது என்று பிரிட்டன் விஞ்ஞானி ஹால்டேன் 1908-லேயே கணக்குப் போட்டுவிட்டார். சுவிட்சர்லாந்தின் பூல்மன் அதை 16 திசுக்கள் வரை விரித்தார். இன்றைக்கு வரும் பல புதிய கருவிகளிலும் ஓடுவது பூல்மன் கணக்குதான். கலர் திரையும், எச்சரிக்கை அளவை நாமே கூட்டிக் குறைக்கும் வசதியும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

உண்மையில் வயதாவது அழுத்த சென்சாருக்கு. கருவிக்கு ஆழம் என்பதே தெரியாது. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும்தான் தெரியும். அந்த அழுத்தத்தைத்தான் மீட்டராக மாற்றிக் காட்டுகிறது, நைட்ரஜனைக் கணக்கிடுவதும் அதே அழுத்தத்தை வைத்துத்தான். ஆக, சென்சார் கொஞ்சம் பிசகினால் மேலே உள்ள அத்தனை கணக்கும் பிசகும், திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. டைவிங் பயிற்சி அமைப்பான பேடியின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: 20 மீட்டரில் டீகம்ப்ரஷன் (ஏறும்போது நைட்ரஜன் வெளியேற இடையில் நிற்பது) இல்லாமல் 45 நிமிடம் இருக்கலாம், 22 மீட்டரில் 37 நிமிடம்தான். வெறும் 2 மீட்டர் குறைத்துக் காட்டும் கருவி உங்களுக்கு 8 நிமிடத்தைக் கடனாகக் கொடுக்கிறது. அந்தக் கடனை உடம்புதான் கட்ட வேண்டும்.

புதிய கருவியில் இது நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். சூன்டோ என்ற நிறுவனத்தின் டைவ் கருவிகளின் சென்சார் குறித்து அமெரிக்காவில் நடந்த வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது. 2006 முதல் 2018 வரை செய்த கருவிகள் அதில் அடக்கம். அதில் சில அப்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே வந்தவை.

அதனால் நான் எந்தக் கருவியையும் வயதை வைத்து முடிவு செய்வதில்லை, கயிற்றில் கட்டிப் பார்க்கிறேன். ஒரு கனமான எடை, நீளாத கயிறு, 5, 10, 15, 20 மீட்டரில் முடிச்சு. கடல் அசையாத நேரமாகப் பார்த்து அதை நேராகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீருக்குள் எழுதும் ஸ்லேட்டில் எழுதிக்கொள்வேன். இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது ஒரு முறை. ஏறும்போது எழுதுவது முக்கியம். அடைப்பு உள்ள சென்சார் இறங்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, ஏறும்போது பின்தங்கி நிற்கும். 20 மீட்டரில் அரை மீட்டர் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். நன்னீருக்கு அளவமைத்த கருவிக்கும் கடல்நீருக்கு அளவமைத்ததற்கும் இடையே அவ்வளவு இயல்பாகவே வரும். அந்த வித்தியாசம் ஆழத்தோடு சீராகக் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு முடிச்சில் கூடி அடுத்ததில் குறைந்தால், அந்தக் கருவியோடு எனக்கு அப்புறம் பேச்சு இல்லை.

தண்ணீரில் இறக்காமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. மேலே வந்து காய்ந்த பிறகும் கருவி டைவிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்கும், அல்லது மேசை மேல் வைத்தால் 1 மீட்டர் என்று காட்டும். பல நேரம் சென்சார் துளையில் இறுகிய உப்புதான் காரணம். வெதுவெதுப்பான நன்னீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் சரியாகிவிடும். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், டாங்கில் இருந்து காற்றும் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அதோடு போய்விடும். ஊறியும் சரியாகவில்லை என்றால் சென்சாரை மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு உதிரி பாகம் வருவது நின்று போயிருந்தால் அதன் காலம் முடிந்தது.

பேட்டரி விஷயத்தில் நான் பழைய கருவிகளின் பக்கம். சிஆர்2450 மாதிரி எங்கும் கிடைக்கும் பட்டன் பேட்டரி போட்டு, நாமே மூடியைத் திறந்து மாற்றும்படி இருந்தால் அது இன்னும் பல வருடம் ஓடும். மூடியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது ஓ-ரிங்கை, அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை. விரலில் சுற்றி மெல்ல வளைத்தால், கெட்டுப்போனதில் தலைமுடி அளவு விரிசல்கள் தெரியும். வெட்டு முகம் வட்டமாக இருக்க வேண்டியது, வருடக்கணக்கில் அழுந்தி ஒரு பக்கம் தட்டையாகி இருக்கும். அப்படி இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது உட்காரும் பள்ளத்தில் ஒரு மணல் துணுக்கோ துணி நூலோ இருந்தால்கூடத் தண்ணீர் உள்ளே போகும். சிலிகான் கிரீஸ் வளையம் பளபளக்கும் அளவுக்குப் போதும், அள்ளிப் பூசினால் மணலைத்தான் பிடித்துவைக்கும். பேட்டரியின் தொடுமுனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் முன்பே கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பல பழைய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் கணக்கும் அழிந்துவிடும். காலையில் டைவ் செய்துவிட்டு மதியம் பேட்டரி மாற்றினால், நீங்கள் அன்று தண்ணீரையே தொடாதவர் என்று கருவி நினைக்கும். உடம்பு முழுதாகத் தெளிந்த பிறகே மாற்றுங்கள்.

பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய மாடல்கள் வேறு கதை. செய்தவர்களே சர்வீஸை நிறுத்திய பிறகு அவற்றைப் பிளந்து ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டியதை அழுத்தக் கலனில் வைத்துச் சோதித்துத் தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம்.

கணக்கு பழசாவதில்லை என்றேன். ஒரு விதிவிலக்கு, மென்பொருளிலேயே பிழை உள்ள மாடல்கள். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜனைக் கூட்டிய காற்று. 1990-களின் நடுவில் வந்த அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கருவிகளில் சில, மேலே வந்து சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் நேரத்தையும் நைட்ராக்ஸ் சுவாசிப்பதாகவே கணக்கிட்டன. அதனால் அடுத்த டைவுக்கு அதிக நேரம் காட்டின. 2003-ல்தான் திரும்பப் பெறப்பட்டன. அதனால் பழைய கருவி கைக்கு வந்தால், அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று முதலில் தேடிவிடுங்கள். கையேட்டில் ஏறும் வேக அலாரத்தையும் பாருங்கள். ஒரு காலத்தில் நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை சரி என்றிருந்தது, இப்போது 9 அல்லது 10 என்கிறோம். பழையது சத்தம் போடவில்லை என்பதற்காக வேகமாக ஏறிவிடாதீர்கள். காற்றுக்கு மட்டும் செய்த கருவியோடு நைட்ராக்ஸ் சுவாசித்தால் நைட்ரஜன் பக்கம் கூடுதல் பாதுகாப்புதான், ஆனால் ஆழத்தில் நஞ்சாகும் ஆக்சிஜனை அது கவனிக்காது. 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு 33 மீட்டர் எல்லையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரையில் எண்ணின் ஒரு கோடு அணைந்திருந்தால் அதைச் சின்னக் குறை என்று விடாதீர்கள். 8 என்பது 6 ஆகவோ 9 ஆகவோ தெரியும். ஸ்ட்ராப், கீறல் விழுந்த கண்ணாடி, தேய்ந்த பட்டன் எல்லாம் தாராளமாகச் சரிசெய்து பயன்படுத்தலாம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. புதியது வாங்கியதும், சந்தேகமான பழையதை "கத்துக்கத்தானே" என்று புதிதாகப் பழகுகிறவர் கையில் கட்டிவிடுவது. அனுபவம் உள்ளவருக்கு ஆழம் தப்பாகக் காட்டுவது உறைக்கும். 22 மீட்டருக்கு வெளிச்சம் எப்படி இருக்கும், காற்று எவ்வளவு வேகமாகக் குறையும் என்று அவருக்குப் பழக்கம். புதியவருக்கு அந்த எண்ணைத் தவிர வேறு துணை கிடையாது. கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கயிற்றில் கட்டிச் சோதித்து, தேதி போட்டு, எழுதிய எண்களையும் சேர்த்துக் கொடுங்கள். தேறாததைப் பேட்டரியைக் கழற்றி, பின்பக்கம் "டைவுக்கு ஆகாது" என்று அழியாத மையில் எழுதிவிடுங்கள்.