செயலாளர் பதவிக்கு நிற்கிறேன்

ஜூலை 2

மனு கொடுத்தாயிற்று. எங்கள் எழுத்தாளர் தொழிற்சங்கத்தில், நெல்லை மாவட்டச் செயலாளர் பதவிக்கு. முன்மொழிந்தவர் புரூப் பார்க்கிற பெரியவர், வழிமொழிந்தவர் மேலப்பாளையத்து அக்கா. தேர்தல் அலுவலர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் செய்தியளா?" என்றார். யோசித்துத்தான் என்றேன்.

ஜூலை 3

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஜூலை 4

அண்ணாச்சி போன் பண்ணினார். இத்தனை வருடமாகச் செயலாளராக இருப்பவர், கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? துணைத் தலைவர் போஸ்ட்டு காலியாத்தான கெடக்கு" என்றார். நல்ல மனிதர். ஒரு கவிஞர் பாளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். அதை நான் எந்த மேடையிலும் மறைக்கப் போவதில்லை.

ஆனால் போன வருட ஆண்டறிக்கையை இன்று பென்சிலோடு உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். நூல் வெளியீடு, பாராட்டு, நினைவேந்தல், பொன்னாடை, மறுபடியும் நூல் வெளியீடு. யாருக்குக் கூலி பாக்கி, யார் வாங்கிக் கொடுத்தது, எந்தப் பதிப்பகத்தோடு பேசினோம், ஒரு வரி கிடையாது. தொழிற்சங்கம் என்று பதிவு செய்துவிட்டு அதைச் செய்யாவிட்டால் வேறு என்னத்துக்குச் சந்தா வாங்குகிறோம்?

ஜூலை 6

பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், இன்னொன்று பாக்கி. அப்படியும் புரூப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துகிறார், ஒரு வரி முடிந்தால் ஒரு இழுப்பு. அட்டையின் மேல் விளிம்பு கறுத்து வழவழப்பாகிவிட்டது. சிவப்புப் பேனா ஒற்றுப் பிழையில் சட்டென்று நிற்கிறது. அவர் கையில் பேனா நின்றால் அங்கே பிழை இருக்கிறது என்று அர்த்தம், நான் பார்த்தவரை தப்பியதில்லை.

அவர் புரூப் பார்த்த பெரிய புத்தகம் ஒன்றுக்குப் பதிப்பகம் இன்னும் பணம் தரவில்லை. புத்தகம் வந்து, விழா நடந்து, அவர் பேர் உள்ளே எங்கேயும் இல்லாமல் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. கேட்டால் "விக்கட்டும், பாப்போம்" என்கிறார்களாம். வீடு வாடகைக்குப் போன பிறகுதான் கொத்தனாருக்குக் கூலி என்று யாராவது சொல்வார்களா?

இதில் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. என்னைப் போல மொழிபெயர்ப்பவளுக்காவது சட்டத்தில் பிடி இருக்கிறது, மொழிபெயர்ப்புக்கும் பதிப்புரிமை உண்டு. புரூப் பார்ப்பவருக்கு அதுவும் கிடையாது. அவருக்கு உள்ளது கூலி ஒன்றுதான், அதைக் கேட்டு வாங்கச் சங்கத்தை விட்டால் ஆள் இல்லை.

ஜூலை 8

ஓட்டுப் போடுகிற உறுப்பினர் பட்டியலை இன்னும் ஒட்டவில்லை.

ஜூலை 9

தென்காசிப் பக்கம். 2019-இல் மாவட்டம் பிரிந்தும் சங்கக் கிளை இன்னும் பிரியவில்லை, அதனால் அந்த ஓட்டுகளும் இதில்தான் வரும். ஆலங்குளம் தாண்டியதுமே காற்று அடித்தது, தென்காசியில் சாரல். கடையநல்லூர் தம்பி இன்னும் சிலரைக் கூட்டி வைத்திருந்தான். எல்லாம் முப்பது வயதுக்குள். வெப் தொடருக்கு வசனம், விளம்பரம், சப்டைட்டில், பாடப்புத்தக மொழிபெயர்ப்பு என்று கிடைப்பதைச் செய்கிறவர்கள். அண்ணாச்சி இவர்களை எழுத்தாளர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அவர்கள் கவலை ஒன்றே ஒன்றுதான். இயந்திரம் மொழிபெயர்த்ததை அனுப்பி, "சும்மா திருத்திக் கொடுங்க" என்று பாதிக் கூலி பேசுகிறார்கள். திருத்தப் போனால் முதலிலிருந்து எழுதுகிற வேலைதான். தம்பி ஒரு பத்தியைக் காட்டினான், தாய்மாமனைச் சித்தப்பா ஆக்கி வைத்திருந்தது. அத்தியாயம் முழுக்க உறவுமுறை கலைந்து கிடக்கிறது, அதை ஒழுங்கு பண்ண மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகத்தான் போக வேண்டும்.

2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததைச் சொன்னேன். மே 2-இல் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை. இயந்திரம் எழுதியது எழுத்தாளர் எழுதியதாகக் கணக்கில் வராது, அப்படி ஒன்றைத் திருத்தக் கொடுத்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். "நாம வேலைய நிறுத்துனா அடுத்த ஆளுட்ட குடுத்துருவாங்களே அக்கா" என்றான் ஒருவன். உண்மைதான். அந்த அடுத்த ஆளும் நம் சங்கத்தில் இருந்தால்? அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் போகும்போது உறுப்பினர் படிவம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஜூலை 11

பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுத்துவிட்டார்கள். உறுப்பினர் பட்டியல் வைத்திருக்க வேண்டும், உறுப்பினர்கள் அதைப் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்று 1926 தொழிற்சங்கச் சட்டம் 6-ஆம் பிரிவில் இருக்கிறது, நம் விதிப்புத்தகம் அதைப் பார்த்து எழுதியதுதான் என்றேன். "அந்தச் சட்டமே இப்பம் இல்லையேம்மா" என்றார் பொருளாளர். அதற்குப் பதிலாகத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது சரி. நம் விதிப்புத்தகம் மாறியதா? பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன். 25-ஆம் தேதிக்குள் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும் எதற்கு இந்த இழுப்பு என்று. மேலப்பாளையத்துப் பெண்கள். அக்காவோடு சேர்ந்து வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் டைப்பிங்கும் செய்கிறவர்கள். போன வருடமே விண்ணப்பம் கொடுத்தார்கள், "சொந்தப் புத்தகம் ஒண்ணும் வரலையே" என்று கிடப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். விதிப்படி எழுத்து வேலையால் வருமானம் இருந்தால் போதும். சொந்தப் புத்தகம் என்று எங்கே இருக்கிறது?

ஜூலை 12

அம்மைக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. எங்கேயும் போகவில்லை.

ஜூலை 14

பாளையில் சின்னக் கூட்டம், பத்துப் பதினைந்து பேர். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவை மட்டும் பேசினேன். உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு நாவலாசிரியர், வயதானவர், எழுந்து நின்று "அப்பம் எம் புத்தகமெல்லாம் எங்கிட்டதான் இருக்கா?" என்று கேட்டார். அவர் எந்தத் தாளிலும் கையெழுத்தே போட்டதில்லையாம். போடவில்லை என்றால் உங்களிடம்தான் இருக்கிறது ஐயா என்றேன். உட்காராமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

எனக்கு ஓட்டு விழுகிறதோ இல்லையோ, இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. நான் கேட்ட கதை: என் மொழிபெயர்ப்பைப் பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டதால் அந்த ஆத்திரத்தில் நிற்கிறேனாம். யார் கிளப்பியது என்று தெரியும். பேர் எழுதப் போவதில்லை. அதைச் சொன்னவர் மகளுக்குப் பரிட்சை நேரத்தில் ராப்பகலாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மனசு ஆறவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

ஜூலை 19

தூத்துக்குடிக்காரர் ஒருவர் கூட்டத்தில் கேட்டார், இலக்கியத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன வேலை என்று. பெரியவர் எழுந்தார். "1908-ல ஒங்க ஊரு கோரல் மில் ஸ்டிரைக்கை நடத்துனது யாரு? வ.உ.சி. செயிலுக்குப் போயி இங்கிலீஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்தது யாரு? அவருதான்" என்றார். அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கேட்டு நின்ற ஆலைத் தொழிலாளிகளுக்காக மேடை ஏறிய மனிதர்தான் தொல்காப்பிய உரையையும் பதிப்பித்தார். நம் பக்கத்தில் இது இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது.

புதுமைப்பித்தன் பேரைச் சொல்லாமல் நம் ஊரில் ஒரு இலக்கியக் கூட்டம் முடியாது. 1948-இல் காசநோயோடும் பணமுடையோடும் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். வண்ணார்பேட்டை வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும்.

ஜூலை 23

இன்று யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. 1999-இல் இதே தேதியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் துரத்தியது. தாமிரபரணி ஆற்றில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும். கொக்கிரகுளத்தில் பூப் போட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது.

கடையநல்லூர் தம்பி, பேச்சில் இதைச் சேர்க்கலாமே அக்கா என்றான். கூடாது என்றேன். நம் தேர்தலுக்கு அவர்களை இழுக்கக் கூடாது.

ஜூலை 25

ஒட்டிவிட்டார்கள். மேலப்பாளையத்துப் பேர்கள் இல்லை. அக்கா பேர் மட்டும் இருக்கிறது. தென்காசிப் பிள்ளைகளில் பாதிப் பேர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தேன். பக்கத்தில் நின்றவர் "விடுங்க, அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்றார். அடுத்த தடவை என்றால் மூன்று வருடம்.

ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். வாங்கியதற்கு முத்திரை வைத்துத் தந்தால்தான் போவேன் என்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 28

அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். அம்மையிடம் முழங்காலுக்குத் தைலம் எல்லாம் சொல்லி, காபி குடித்து, அப்புறம் என்னிடம் விஷயத்துக்கு வந்தார். 31-ஆம் தேதி மனுவை வாபஸ் வாங்கினால் அந்தப் பெண்களை மறுநாளே சேர்த்துவிடுவாராம், எனக்குத் துணைச் செயலாளர். "சண்டை எதுக்கும்மா? நீ கேட்டது நடந்துட்டுல்லா" என்றார்.

அவர் போனதிலிருந்து இதே யோசனைதான். நான் எதற்கு நின்றேன்? அவர்கள் உள்ளே வர வேண்டும் என்றுதானே. தோற்றால் நானும் வெளியே, அவர்களும் வெளியே. வாபஸ் வாங்கினால் மறுநாளே அவர்கள் பேர் ஏறிவிடும், மருத்துவ உதவிக்காவது ஆகும். பெரியவர் பாக்கியையும் துணைச் செயலாளராக இருந்து கேட்கலாம். ஆனால் உரிமையாக வர வேண்டியதை ஒருவர் மனசு வைத்து உள்ளே விட்டால், அவரே நாளைக்கு வெளியே தள்ளவும் முடியும். அம்மை, "பெரிய மனுசன் வீடு தேடி வந்துட்டாரு, சரின்னு சொல்லிரு" என்கிறாள். 1945-இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தங்கள் புத்தகத்தைத் தாங்களே போட்டார்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளம்தானே. அவர்கள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை.

என் பேரை விற்பது என்றால் நானே முடிவு செய்வேன். இது அவர்கள் பேர். நாளைக்கு மேலப்பாளையம்.

ஜூலை 29

அக்கா வீட்டு மாடியில் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு பிள்ளை, எல்லாரிலும் சின்னவள், "நாங்கதான் சந்தா கட்டியாச்சே, அப்புறம் எதுக்கு உங்க மனுவ வச்சு எங்கள சேக்கணும்?" என்றாள்.

சந்தா கட்டியாச்சா?

கட்டியிருக்கிறார்கள். போன மார்ச்சில் வீட்டுக்கே ஆள் வந்து வசூலித்திருக்கிறார். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தது இரண்டு பேர்தான், மற்றவர்களுக்கு எங்கே போனதோ.

ஜூலை 30

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை கிடைத்துவிட்டது! பெரியவர் ஒருகாலத்தில் கணக்குத் தணிக்கை பார்த்தவர், எந்த பீரோவில் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேர்தல் அலுவலரை வைத்துக்கொண்டே எடுத்தார். கார்பன் நீலத்தில் ஒவ்வொரு பேரும், தொகையும், கீழே அண்ணாச்சி கையெழுத்தும். தென்காசிப் பிள்ளைகள் பேரும் அதிலேயே இருக்கிறது. பெரியவர் அந்த அட்டையை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தி எனக்கு வாசித்துக் காட்டினார். அழுதுவிட்டேன்.

ஜூலை 31

வாபஸ் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 3

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

துணைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. சந்தா வாங்கிய தேதியிலிருந்து உறுப்பினர் என்று எழுதி, தேர்தல் அலுவலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாப் பேரும் இருக்கிறது. ஒரு பேரில் மட்டும் எழுத்துப்பிழை, பெரியவர் பேனாவை எடுத்துவிட்டார், ஐயா கை வைக்காதீங்க, செல்லாமப் போயிரும் என்று பிடித்து நிறுத்தினோம். எழுதிக் கொடுத்துத் திருத்தி வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 8

நாளைக்கு ஓட்டு. பத்து மணி முதல் மூன்று வரை. ஜெயிப்பேனா என்று அம்மை கேட்கிறாள், தெரியவில்லை. டவுன் ஓட்டு அண்ணாச்சிக்குத்தான். வள்ளியூர், களக்காடு எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எப்படிப் போனாலும் பெரியவர் பாக்கியைத் திங்கட்கிழமை போய்க் கேட்பது என்று அக்காவும் தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம், செயலாளர் யாராக இருந்தாலும் அவரையும் கூட்டிக்கொண்டு.

கடையநல்லூர் ஆட்கள் விடிகாலைப் பஸ்ஸில் வருகிறார்கள். மேலப்பாளையத்துக்கு இரண்டு ஆட்டோ சொல்லியிருக்கிறது. எல்லாரும் அடையாள அட்டை எடுத்து வரச் சொல்லி இன்னொரு தடவை போன் பண்ண வேண்டும்.