நாலு ஃபார்ம், ஒரே கன்டெய்னர் நம்பர்

லிங்கிச் செட்டித் தெருல ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சரக்குக்கு கஸ்டம்ஸ் வேல பாத்துக் குடுக்கறவங்க) ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு எக்ஸ்போர்ட் பொட்டிக்கும் நாலு பிடிஎஃப் ஃபார்ம், நாலுலயும் அதே பார்ட்டி பேரு, அதே 10 எழுத்து ஐஇ கோடு (ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கு குடுக்கற நம்பர்), அதே கன்டெய்னர் நம்பர், மறுபடி மறுபடி அடிக்கணும். ஒரு நாள் மூணாவது ஃபார்ம்ல 6க்கு பதிலா 9 அடிச்சுட்டேன், டிரெய்லர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல விடிய விடிய லைன்ல நின்னு துறைமுக கேட் வரைக்கும் போயி திரும்புச்சு. டிரைவர் அண்ணன் போன்ல "இன்னா தம்பி, நைட்டு பூரா தூங்காம கீறேன்"னாரு, பதில் சொல்ல வாய் வரல.

அன்னிக்கே உக்காந்தேன், பிடிஎஃப் திறக்கற அக்ரோபாட்ல ஜாவாஸ்கிரிப்ட்னு சின்ன புரோகிராம் ஓடும்னு தெரியும். ஒரு ஃபார்ம்லேர்ந்து இன்னொண்ண ஓப்பன்டாக்னு கூப்பிட்டு, கட்டத்த புடிக்க கெட்ஃபீல்ட் போட்டா வேல முடிஞ்சுதுன்னு நெனச்சேன், வரல. ரெண்டாவது ஃபைல் தன்னை காட்டிக்கவே இல்ல, அதுக்குள்ள டிஸ்க்ளோஸ்டு ஈக்வல் டூ ட்ரூன்னு ஒரு வரி இருக்கணுமாம், இது தெரியறதுக்கே ரெண்டு சாயந்தரம் போச்சு. அப்பறம் எல்லா ஃபைலுக்கும் பொதுவான குளோபல் வேரியபிள்ல டேட்டாவ வெச்சுப் பாத்தேன், செக்யூரிட்டி பாலிசி ஆன்ல இருந்தா ஒரு ஃபைல் வெச்சத இன்னொண்ணு எடுக்க முடியாது, ஒவ்வொரு மெஷின்லயும் போயி செட்டிங் மாத்த நம்மளால ஆவாது.

கடைசில எஃப்டிஎஃப்தான், ஃபார்ம் டேட்டாவுக்குன்னே இருக்கற ஃபைல் வகை. முதல் ஃபார்ம்லேர்ந்து டேட்டாவ மட்டும் சின்ன ஃபைலா எடுத்து மத்த மூணுலயும் இம்போர்ட் பண்றது. ஸ்கிரிப்ட் ஒண்ணு ரெண்டு வரிதான், ஆனா ஃபீல்ட் பேரு, அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ள வெச்ச பேரு, அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறுனாகூட எரரே காட்டாம கட்டத்த காலியா விட்டுடும். நாலு ஃபார்மும் நாலு காலத்துல நாலு பேரு பண்ணது, பேரு மாத்தவே ஒரு வாரம்.

எல்லாம் ஓடுனதும் பெருமையா சீனியர் அண்ணன்கிட்ட காட்டுனேன். அவரு டீய வெச்சுட்டு கேட்டாரு, "முன்ன ஒண்ணு தப்புன்னா மத்த மூணும் காட்டிக் குடுக்கும், இப்ப நாலும் சேந்து தப்பா வந்தா எவன்டா புடிப்பான்?"

சுருக்குனுச்சு, ஏன்னா அது நெசம். கன்டெய்னர் நம்பர்ல 4 எழுத்து, 7 எண், கடைசி எண் செக் டிஜிட், மத்ததெல்லாம் சரியான்னு பாக்கறதுக்கு. எழுத்துக்கெல்லாம் 10லேர்ந்து 38 வரைக்கும் ஒரு மதிப்பு (11, 22, 33 மட்டும் கிடையாது), முன்னாடி இருக்கற 10 இடத்தையும் 1, 2, 4, 8ன்னு இரட்டிச்சுக்கிட்டே போயி பெருக்கி கூட்டி 11ஆல வகுத்தா மீதிதான் செக் டிஜிட், மீதி 10 வந்தா 0. அத முதல் ஃபார்ம்ல, அடிச்சத சரிபாக்கற வேலிடேட் ஸ்கிரிப்ட்டா போட்டேன், பொருந்தலன்னா அந்த நம்பரையே உள்ள விடாது. பார்ட்டி பேருக்கு மட்டும் அப்படி ஒரு கணக்கு இல்ல, அத அண்ணன் இன்னும் பிரின்ட் எடுத்து ஸ்கேல் வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிக்கிறாரு.