திவின்சா: ஒரு சதுர கிலோமீட்டரில் முடிந்த பகை

பெருவும் ஈக்வடாரும் 1998 அக்டோபர் 26 அன்று பிரேசிலியா நகரில் கையெழுத்திட்ட உடன்பாடு பற்றிப் பலமுறை படித்திருக்கிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, மூன்று முறை துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்த ஓர் எல்லைப் பிரச்சினையை இவ்வளவு நுணுக்கமாக அவிழ்த்த வேறோர் ஆவணத்தை நான் கண்டதில்லை.

1941-ஆம் ஆண்டுப் போரில் ஈக்வடார் தோற்றது. அடுத்த ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லையை வகுத்தது. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளும் அதற்கு உத்தரவாதம் அளித்தன. சமோரா, சந்தியாகோ ஆகிய ஆறுகளுக்கு நடுவே மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்தோடும் மலைமுகடே எல்லை என்று அதில் எழுதினார்கள். பின்னர் விமானத்திலிருந்து படமெடுத்துப் பார்த்தபோது, அவ்விரண்டுக்கும் இடையில் செனேபா என்ற ஆறு எண்ணியதைவிட நெடுந்தூரம் ஓடுவது தெரியவந்தது. குறுக்கே மூன்றாவது ஓர் ஆறு ஓடும்போது ஒப்பந்தம் சொல்லும் ஒற்றை முகடு அங்கே எப்படி இருக்க முடியும் என்று ஈக்வடார் கேட்டது. ஏறத்தாழ 78 கிலோமீட்டர் தூரத்துக்கு எல்லைக்கல் நடப்படாமலே நின்றுபோனது. 1960-இல் ஈக்வடார் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று அறிவித்தது. 1981-இல் ஒரு மோதல் நடந்தது. 1995-இன் தொடக்கத்தில் செனேபா காட்டுக்குள் முழு அளவிலான சண்டையே மூண்டது.

அந்தச் சண்டையில் ஈக்வடார் வீரர்கள் விடாமல் பிடித்து நின்ற காவல்நிலைகளுள் ஒன்றுதான் திவின்சா. எல்லை ‘கொண்டோர்’ என்ற மலைத்தொடரின் முகட்டின் வழியே செல்லும் என்று உத்தரவாத நாடுகள் முடிவாகச் சொன்னபோது, அந்த இடம் பெருவின் பக்கம் விழுந்தது. தம் வீரர்கள் மாண்ட மண்ணை எந்த ஈக்வடார் அதிபரால் வெறுமனே விட்டுவர முடியும்? ஆகவே அங்கே ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தை ஈக்வடார் அரசுக்குத் தனியார் சொத்தாகப் பெரு கொடுத்தது. இறையாண்மை பெருவினுடையது, பட்டா மட்டும் ஈக்வடாருடையது. அங்கே செல்ல ஒரு பொதுச் சாலை உண்டு. மாண்டவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்தலாம். ஆனால் படைமுகாமோ காவல்நிலையமோ அமைக்க முடியாது. நாட்டின் உரிமையையும் நிலத்தின் உடைமையையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துவைத்ததால், மண்ணை இழந்தோம் என்று சொல்ல வேண்டிய நிலை இரு அதிபர்களில் எவருக்கும் வரவில்லை.

உடன்பாட்டின் வாசகத்தைவிட அதற்கு முன் நடந்ததுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. பெரு அதிபர் ஃபுஜிமோரியும், பதவியேற்று மூன்று மாதங்கள்கூட ஆகியிராத ஈக்வடார் அதிபர் மஹுவாதும், தங்களுக்குள் முடிவு எட்டப்படாத கடைசிச் சிக்கலை உத்தரவாத நாடுகளிடமே ஒப்படைத்தார்கள். அந்நாடுகளோ, முடிவு எதுவானாலும் ஏற்கிறோம் என்று இரு நாட்டு நாடாளுமன்றங்களும் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. இரண்டும் ஒப்புதல் தந்தன. தீர்ப்பைப் பார்க்கும் முன்பே தலைவணங்குவது கோழைத்தனம் என்று அன்று பலர் சினந்தார்கள். எனக்கோ அதுவே அந்த ஆண்டின் மிகப் பெரிய துணிச்சலாகத் தோன்றுகிறது. ‘ஈக்வடார் அமேசான் நாடாக இருந்தது, இருக்கிறது, இருக்கும்’ என்ற முழக்கத்தோடு வளர்ந்த மக்களிடம், அமேசான் ஆற்றில் கப்பல் செலுத்தும் உரிமையும் இரண்டு வணிக மையங்களும் மட்டுமே கிடைக்கும் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பெருவிலும் இது எளிதில் முடியவில்லை. வெளியுறவு அமைச்சர் ஃபெரெரோ கோஸ்டா பதவி விலகினார். அந்த வணிக மையங்களை எதிர்த்து இக்கிதோஸ் நகரில் கலவரம் மூண்டு, உயிர்ப்பலியும் நேர்ந்தது.

கடைசி எல்லைக்கல் 1999 மே மாதம் நடப்பட்டது. அதன்பின் இரு நாடுகளுக்கும் இடையே போர் நிகழவில்லை. ஆயினும் சண்டையின்போது புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் வேலை, அடர்ந்த காட்டிலும் ஓயாத மழையிலும் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது. அதன் சுமையைச் சுமந்தவர்கள், எல்லைக்கோட்டின் இரு பக்கமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஷுவார், வாம்பிஸ் போன்ற பழங்குடி மக்கள். இந்த உடன்பாட்டை நான் எவ்வளவு மெச்சினாலும், எல்லை வகுத்த அன்றே வெடிகளை அகற்றுவதற்கான கெடுவையும் பணத்தையும் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.